கீசர் சூடாகவில்லையா? காயிலை மாற்றுவதற்கு முன்: ஏற்காடு, சேலம் வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் மார்கழி, தை மாதக் காலைகளில் மேல்தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. கீழே சேலத்தில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனால் அங்கே போர் தண்ணீர் கீசரைத் தின்றுவிடும். இரண்டு ஊரிலும் கீசர் நின்றுபோனால் கேட்கிற தீர்ப்பு ஒன்றுதான்: "காயில் போச்சு, மாத்திடலாம்."

பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் அளந்து பார்க்காமல் சொல்வதால், நல்ல காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டிய பிறகும் தண்ணீர் சூடாகாத வீடுகள் உண்டு. புதுக் காயில் சில மாதத்திலேயே வெடித்துப்போன வீடுகளும் உண்டு. பழையது எதனால் போனது என்று அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் எது கெட்டது, எதனால் கெட்டது என்று இரண்டையும் கண்டுபிடித்துவிடலாம். மலையில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. வேண்டிய பொருளும் அளவும் தெரிந்துகொண்டு சேலத்துக்கு இறங்கினால், அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஒரு பொருளுக்காக இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டியதில்லை.

இங்கே சொல்வது சுவரில் மாட்டும் ஸ்டோரேஜ் கீசரைப் பற்றி. 6, 10, 15, 25 லிட்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சோலார் ஹீட்டருக்குள் இருக்கும் பேக்கப் காயிலையும் இதே முறையில் அளக்கலாம். கேஸ் கீசருக்கு இது பொருந்தாது. அதை வீட்டில் கழற்றவே கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது

கீழ் மூடியைத் திறந்தால் ஒரு வட்டத் தகடு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். காயில், தெர்மோஸ்டாட்டின் குச்சி நுழையும் குழாய், பல மாடல்களில் டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு தண்டு என எல்லாம் இந்தத் தகட்டில்தான் உட்கார்ந்திருக்கும். தகட்டுக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் காஸ்கெட்.

தெர்மோஸ்டாட் தினமும் வேலை செய்கிற ஆள். வைத்த சூடு வந்ததும் கரண்டை வெட்டும், ஆறினால் சேர்க்கும். தெர்மல் கட்அவுட் காவல் ஆள். தெர்மோஸ்டாட் வெட்டத் தவறி, தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் போகும்போது அது விழுந்துவிடும். சில மாடல்களில் இரண்டும் ஒரே டப்பாவுக்குள் இருக்கும், நடுவில் ஒரு சின்னப் பொத்தானோடு. சிலவற்றில் கட்அவுட் தனியாக ஒரு பொட்டு அளவில் டேங்கின் மேல் ஒட்டியிருக்கும்.

காயில் என்பது உலோகக் குழாய். அதற்குள் சுருள் கம்பி. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவே மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். சேலம் சுண்ணாம்புக்கரட்டு மேக்னசைட் கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் மெக்னீசியம் ஆக்சைடுதான். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது என்பதால் இந்தத் தூளைப் போடுகிறார்கள். இதற்கு ஒரே எதிரி ஈரம். குழாயில் ஊசித் துளை விழுந்தாலோ, முனையில் உள்ள அடைப்பு விட்டுப்போனாலோ தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; கரண்ட் குழாய்க்கும் அங்கிருந்து தண்ணீருக்கும் கசியும்.

திறக்காமலே தெரிந்துகொள்வது

முதல் சோதனைக்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம். மின்வாரிய டிஜிட்டல் மீட்டரைப் போய்ப் பாருங்கள். முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200, 1600 போன்ற எண். வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது கீசரை மட்டும் போட்டு, ஒரு நிமிடம் எத்தனை தடவை சிமிட்டுகிறது என்று எண்ணுங்கள்.

எண்ணியதை 60-ஆல் பெருக்கி, மீட்டரில் அச்சிட்ட எண்ணால் வகுத்தால் கீசர் இழுக்கும் கிலோவாட் வந்துவிடும். 3200 துடிப்பு மீட்டரில் 2000 வாட் காயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 தடவை சிமிட்டும். 1600 மீட்டர் என்றால் 53. விளக்கு கிட்டத்தட்ட அசையாமல் நின்றால் காயிலுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது காயில் அறுந்துவிட்டது. 2000 வாட் காயிலுக்கு 3200 மீட்டரில் 65 தடவைதான் சிமிட்டுகிறதென்றால் காயில் வேலை செய்கிறது, ஆனால் 1200 வாட்தான் இழுக்கிறது. பழுதை கீசருக்கு வெளியே தேட வேண்டும். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டிலும் இதே கணக்குதான்.

அடுத்தது கீசரின் விளக்குகள். பல மாடல்களில் இரண்டு இருக்கும்: ஒன்று கரண்ட் வந்திருப்பதைக் காட்டும், இன்னொன்று சூடேறிக்கொண்டிருப்பதைக் காட்டும். சூடேறும் விளக்கு பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி, காயிலோடு பக்கவாட்டில் சேர்க்கப்பட்டிருக்கும். அது எரிந்தும் தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருந்தால், காயில் அறுந்திருக்க வேண்டும் அல்லது காயில் முனையில் உள்ள ஒயர் கருகியிருக்க வேண்டும். கரண்ட் விளக்கு எரிந்து, தண்ணீர் குளிர்ந்திருந்தும் சூடேறும் விளக்கு எரியாவிட்டால் தெர்மோஸ்டாட் அல்லது கட்அவுட். இரண்டுமே எரியாவிட்டால் முதலில் எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக இறங்கும் சுவிட்ச்), பிளக், சாக்கெட். அவையெல்லாம் சரி என்றால் கட்அவுட்.

போட்ட உடனே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) விழுந்தால் காயிலில் கசிவு. சூடேறிக் கொஞ்ச நேரம் கழித்து விழுந்தாலும் பெரும்பாலும் காயில்தான். குழாய் விரிவதால் மயிரிழை விரிசல் அப்போதுதான் வாய் திறக்கும். சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் ஆர்.சி.சி.பி. நிற்க மறுப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் அதிகம். சாதாரண சுவிட்ச் பேஸ் ஒயரை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் இன்னும் கீசரோடு சேர்ந்தே இருக்கிறது. கசிவு நியூட்ரல் முனைக்குப் பக்கத்தில் இருந்தால் சுவிட்ச் ஆஃபிலும் விழும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஆர்.சி.சி.பி. நின்றால் குற்றவாளி கீசர்தான் என்பது உறுதி.

ஆவியும் தண்ணீருமாகத் தெறித்து வந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டது. ஏற்காட்டின் உயரம் சுமார் 1500 மீட்டர். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே தெர்மோஸ்டாட் வெட்டத் தவறும்போது குழாய் வாயில் ஆவி சீக்கிரமே தெறிக்கும். உடனே மெயினை நிறுத்துங்கள், குழாய்க்கு அடியில் கை வைக்காதீர்கள், தானாக ஆறும்வரை விடுங்கள்.

கீசருக்குள் சடசடவென்று பொரிகிற சத்தம் வந்தால் காயிலின் மேல் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. வெந்நீர் துரு நிறத்தில் வந்தால் ஆனோடு தீர்ந்து டேங்க் அரிக்கத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பச்சைத் தண்ணீரும் அதே நிறம் என்றால் கீசர் மேல் பழி போடாதீர்கள், குழாயையும் மேல்தொட்டியையும் பாருங்கள். குழாயைத் தொட்டால் சுருக்கென்றால் அதற்கு மேல் சோதனை எதுவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். காயில் கசிவோடு வீட்டு எர்த்தும் கெட்டிருக்கிறது.

பழுதே இல்லாத பழுதுகள்

25 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் காயிலுக்கு 39 நிமிடம் ஆகும். இது கணக்கு; டேங்க் இழக்கும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதே கீசர் சேலத்தில் 28 டிகிரித் தண்ணீரை 28 நிமிடத்தில் முடித்துவிடும். கீழே பத்து வருடம் இருந்துவிட்டு மலையில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள் முதல் குளிர்காலத்தில் "கீசர் மந்தமா இருக்கு" என்று சொல்வதற்குப் பாதி காரணம் இதுதான். 15 லிட்டர் என்றால் மலையில் 24 நிமிடம்.

மீதிப் பாதி வோல்டேஜ். காயிலின் சக்தி வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தில் குறையும். 230 வோல்டில் 2000 வாட் தருகிற காயில் 180 வோல்டில் 1225 வாட்தான் தரும். 39 நிமிட வேலை 64 நிமிடமாகிவிடும். ஏற்காட்டில் ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து தள்ளி, எஸ்டேட் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் காலை ஆறிலிருந்து எட்டு மணிவரை சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். கீசர் ஓடும்போதே அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அளந்தால் 230 காட்டி ஏமாற்றும். கீசரைப் போட்டதும் 10 வோல்டுக்கு மேல் சரிந்தால் வீட்டு ஒயர் மெலிது அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. 2000 வாட்டுக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் வேண்டும்.

இன்ஸ்டன்ட் கீசர் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசரில் நிமிடத்துக்கு 3 லிட்டர் தண்ணீர் ஓடினால் சூடு 14 டிகிரிதான் ஏறும். சேலத்தில் 28 டிகிரி 42 ஆகிறது, சுகமான வெந்நீர். ஏற்காட்டில் 15 டிகிரி 29 ஆகிறது, குளிக்க முடியாது. குழாயைப் பாதி மூடி 2 லிட்டராகக் குறைத்தால் 36 வரை வரும். அதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. மலைக்கு அந்த ரகம் சரிப்படாது, அவ்வளவுதான்.

திறப்பதற்கு முன்

கீசர் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் கொடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் கீசருக்குள் முழுக் கரண்ட் நிற்கும். எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேராக ஒயர் கொடுத்திருந்தால் வீட்டு மெயினையே இறக்குங்கள். மூடியைத் திறந்ததும் மல்டிமீட்டரை 600 அல்லது 750 வோல்ட் ஏ.சி.யில் வைத்து பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளந்து, எல்லாம் பூஜ்ஜியம் என்று பார்த்த பிறகே கை வையுங்கள். டெஸ்டரை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஈரத் தரையில், வெறுங்காலில் நின்று வேலை செய்யவே கூடாது. இதில் எந்த இடத்திலாவது தயக்கம் வந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வேண்டிய சாமான்: டிஜிட்டல் மல்டிமீட்டர், நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், போல்ட்டுக்கேற்ற பாக்ஸ் ஸ்பேனர், வாளி, ஒரு துண்டு ஹோஸ், டார்ச். ஒரு ஒயரைக் கழற்றும் முன்னும் மொபைலில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும் வரிசை

முதலில் கண்ணால் பாருங்கள். ஒயர் முனைகளில் கருப்பு, உருகிய பிளாஸ்டிக், பச்சை பூத்த செம்பு, தகட்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடாக வழிந்த சுண்ணாம்பு. வெள்ளைக் கோடு இருந்தால் காஸ்கெட் கசிகிறது. அந்தத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஒயர் முனைகளைக் கெடுத்திருக்கும். 2000 வாட் காயில் 8.7 ஆம்பியர் இழுக்கிறது. இதில் ஒரு திருகு அரைச் சுற்று தளர்ந்தாலே அந்த முனை சூடாகிக் கருகும். கருகிய முனையை வெட்டி, புதிய லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் கொக்கி) போட்டு இறுக்கியதோடு "காயில் போச்சு" தீர்ந்துபோன இடங்கள் நிறைய. பிளக்கின் மூன்று முள்ளையும் பாருங்கள், பழுப்பாகியிருந்தால் பிளக்கும் சாக்கெட்டும் சேர்ந்தே மாற வேண்டும்.

பிறகு கட்அவுட். மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, இரண்டு முனையின் ஒயரையும் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் மற்ற பாதை வழியாக வரும் அளவும் சேர்ந்து தப்பு காட்டும். நல்ல கட்அவுட் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்டும். ‘ஓ.எல்’ என்றோ இடது ஓரத்தில் 1 என்றோ காட்டினால் பாதை அறுபட்டு நிற்கிறது, அதாவது கட்அவுட் விழுந்திருக்கிறது. பொத்தான் உள்ள ரகமானால், தண்ணீர் நன்றாக ஆறிய பிறகு அழுத்துங்கள். டக்கென்று உட்கார்ந்தால் வேலை செய்யும்.

பலர் தவறுவது இங்கேதான். பொத்தானை அழுத்தினோம், தண்ணீர் சூடாகிறது, வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். கட்அவுட் தானாக விழாது. ஏதோ ஒன்று அளவுக்கு மேல் சூடானதால்தான் விழுந்தது. தெர்மோஸ்டாட் ஒட்டியிருக்கலாம், காயிலைச் சுற்றிச் சுண்ணாம்பு சுவர் எழுந்திருக்கலாம், டேங்கில் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் மூடாதீர்கள். மாற்றுப் பொருள் கிடைக்கவில்லை என்று கட்அவுட்டின் இரண்டு ஒயரையும் முறுக்கி "டைரக்ட்" கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்த கீசரில் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால் டேங்கைக் காப்பாற்ற, அழுத்தம் ஏறினால் திறக்கும் சேஃப்டி வால்வு ஒன்றுதான் மிச்சம். யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அதைக் குழாயிலிருந்து உருவி எடுத்துவிடலாம், தண்ணீர் கொட்டாது. குளிர்ந்த நிலையில் இரண்டு முனைக்கும் நடுவே பூஜ்ஜியம் காட்ட வேண்டும். திருகை மிகக் குறைந்த சூட்டுக்குத் திருப்பி, குச்சியை மட்டும் ஒரு பாத்திரத்து வெந்நீரில் விடுங்கள்; டக் என்ற சத்தத்தோடு ‘ஓ.எல்’ ஆக வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மறுபடி சேர வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் வைத்தும் பிரியாவிட்டால் உள்ளே காண்டாக்ட் ஒட்டிவிட்டது. குளிரிலேயே பிரிந்து நின்றால் அதுவும் செத்தது. பிரிகிறது, ஆனால் வெதுவெதுப்பான தண்ணீருக்கே பிரிகிறது என்றால் அதனால்தான் தண்ணீர் வெதுவெதுப்போடு நிற்கிறது. இதைச் சரிசெய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். வாங்கும்போது குச்சியின் நீளம், ஆம்பியர், முனைகளின் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். குச்சி குட்டையானால் டேங்கின் நடுச் சூட்டை உணராது.

இப்போது காயில். இரண்டு ஒயரையும் கழற்றி, இரண்டு முனைக்கும் நடுவே ஓம் அளவு பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது வருகிற 0.2, 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் காயில்களுக்கு வர வேண்டிய அளவு: 1500 வாட்டுக்கு 35 ஓம், 2000 வாட்டுக்கு 26 முதல் 27 ஓம், 3000 வாட்டுக்கு 17 முதல் 18 ஓம். இரண்டு மூன்று ஓம் ஏறக்குறைய இருந்தால் பரவாயில்லை. ‘ஓ.எல்’ என்றால் சுருள் அறுந்துவிட்டது. 2000 வாட் காயில் 15 ஓம் காட்டினால் உள்ளே சுருள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டது. அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கும்.

ஓம் சரியாக இருப்பதால் காயில் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. கசிவையும் பார்க்க வேண்டும். மீட்டரை அதன் மிக உயர்ந்த அளவில், 20 மெகாஓமில் வைத்து, ஒரு கம்பியைக் காயில் முனையிலும் இன்னொன்றைச் சுரண்டிச் சுத்தம் செய்த தகட்டிலும் வையுங்கள். இரண்டு முனைக்கும் ‘ஓ.எல்’ வர வேண்டும். ஏதாவது எண் ஓடினால் ஈரம் உள்ளே போய்விட்டது. கையால் கம்பியின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு அளக்காதீர்கள், உங்கள் உடம்பின் ஓம் அதில் சேர்ந்துவிடும்.

மல்டிமீட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சில வோல்டில்தான் சோதிக்கிறது. 230 வோல்டில் மட்டும் கசிகிற காயில் அதில் நல்ல பிள்ளையாக நிற்கும். ஆர்.சி.சி.பி. விழுகிறது, மல்டிமீட்டர் ‘ஓ.எல்’ காட்டுகிறது என்றால் 500 வோல்ட் மெக்கர் (உயர் வோல்டில் கசிவைச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் அந்தக் காயிலை நம்பக் கூடாது.

ஏற்காட்டில் வார இறுதிக்கு மட்டும் திறக்கிற வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. மாதக்கணக்கில் பூட்டியிருந்து, மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வந்த பிறகு கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், காயில் முனைகளில் வெறும் ஈரம் பூத்திருக்கலாம். மெயினை இறக்கி, மூடியைத் திறந்து, முனைகளைத் துடைத்து, ஹேர் டிரையரால் பத்து நிமிடம் காய வைத்துவிட்டு மறுபடி அளங்கள். ‘ஓ.எல்’ ஆகி, மெக்கரிலும் தேறினால் காயில் பிழைத்தது. காய வைத்தும் எண் ஓடினால் மாற்றத்தான் வேண்டும். இதற்காக ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஒயர் கொடுத்து ஓட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். 30 மில்லிஆம்பியரில் அது விழுவது உங்கள் உயிருக்காக.

காயிலை மாற்றுவது

கடைக்குப் போகும் முன் குறித்துக்கொள்ள வேண்டியவை: கம்பெனி, மாடல் எண், லிட்டர், வாட், தகட்டின் விட்டம், போல்ட் துளைகளின் எண்ணிக்கை, காயிலின் வளைவும் நீளமும், தெர்மோஸ்டாட் குழாயின் நீளம். முடிந்தால் பழைய காயிலையே கையில் கொண்டுபோங்கள். காஸ்கெட் கேட்காமல் திரும்பாதீர்கள். பழைய காஸ்கெட்டை மறுபடி போட்டால் ஒரு வாரத்தில் சொட்டும், அந்த வாஷருக்காகவே மறுபடி மலை இறங்க வேண்டியிருக்கும். வாட்டைக் கூட்டிப் போடாதீர்கள். ஒயர், தெர்மோஸ்டாட், சாக்கெட் எல்லாம் பழைய வாட்டுக்குப் போட்டவை.

தண்ணீர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கீசருக்கு வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து விடுங்கள். காற்று உள்ளே போனால்தான் டேங்க் வடியும். வடிகால் திருகிலோ, சேஃப்டி வால்வின் நெம்பைத் தூக்கியோ ஹோஸ் வழியாக வாளியில் வடியுங்கள். கடைசி இரண்டு லிட்டர் அடியில் நிற்கும், தகட்டைக் கழற்றும்போது கொட்டும். வாளியை அப்படியே வைத்திருங்கள்.

தகட்டைக் கழற்றியதும் டேங்கின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். சேலத்தில் உதிர்ந்த சுண்ணாம்புச் செதில் கைப்பிடி கைப்பிடியாக வரும். மலையில் மழைக்காலத்துச் செம்மண் சேறாக உட்கார்ந்திருக்கும். இரண்டில் எதுவானாலும் காயிலின் கீழ்வளைவு அதற்குள் புதைந்திருந்தால், அந்த இடத்துச் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாய் வெடித்திருக்கும். காயில் போன காரணம் கையோடு கிடைத்துவிடும். டேங்கைக் கழுவித் துடைத்து, காஸ்கெட் உட்காரும் விளிம்பைத் துணியால் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கத்தியால் சுரண்டினால் உட்பூச்சு பெயரும், அங்கிருந்து துரு தொடங்கும்.

புதுக் காயிலையும் மாட்டுவதற்கு முன்பே ஓமும் கசிவும் அளந்துவிடுங்கள். கடைச் சாமானிலும் பழுது இருக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடு சாய்ந்து காஸ்கெட் நசுங்கும். எர்த் ஒயரை மறக்காதீர்கள். கழற்றும்போது முதலில் கண்ணில் படுவதும் மாட்டும்போது விட்டுப்போவதும் அதுதான்.

சுண்ணாம்பும் ஆனோடும்

சேலத்தில் காவிரித் தண்ணீர் வரும் வீட்டிலேயே போர் தண்ணீரையும் அதே மேல்தொட்டியில் கலந்து ஏற்றுவது வழக்கம். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசிய உப்புகள் சூடேறும்போது பிரிந்து காயிலின் மேல் ஓடு கட்டும். சூடு கூடக் கூடப் படிவும் வேகமாகும், ஆகவே தெர்மோஸ்டாட்டை 75-இல் வைக்காமல் 60-இல் வையுங்கள். முடிந்தால் கீசருக்குப் போகிற குழாயை நல்ல தண்ணீர்த் தொட்டியோடு பிரித்துக் கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பலன் தரும். போர் தண்ணீரே கதி என்றால் வருடம் ஒருமுறை காயிலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மலையில் கிணறு, ஊற்றுத் தண்ணீரில் பொதுவாக உப்பு குறைவு; இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

ஓடு கட்டிய காயில் அளவில் தேறிவிட்டால் தூக்கிப்போட வேண்டாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, ஒயர் முனைகள் நனையாதபடி காயிலின் வளைவை மட்டும் ஒன்றிரண்டு மணி நேரம் முக்கிவையுங்கள். நுரைத்து இளகும். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். கழிவறை ஆசிட் ஊற்றுவதும் சுத்தியலால் தட்டுவதும் குழாயில் ஓட்டை போடுகிற வழிகள். சுத்தம் செய்த பிறகு கசிவை மறுபடி அளக்க வேண்டும். சில காயில்களில் அந்தச் சுண்ணாம்பே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆனோடு தண்டு டேங்குக்காகத் தன்னைக் கரைத்துக்கொள்கிற உலோகம். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே மெலிந்துவிட்டாலோ, நடுவில் உள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்ற வேண்டும். காயிலுக்காகத் தகட்டைக் கழற்றும்போதே இதையும் பார்த்துவிடுவது நல்லது. காயில் எத்தனை தடவையும் மாற்றலாம், டேங்க் ஓட்டையானால் கீசரே போய்விடும்.

சொட்டுகிற வால்வு

சூடேறும்போது சேஃப்டி வால்வு கொஞ்சம் சொட்டுவதைப் பழுது என்று நினைத்து அடைத்துவிடுகிறார்கள். 25 லிட்டர் தண்ணீர் 15-இலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லி விரியும். உள்ளே வரும் வழியில் திரும்பாத வால்வு (தண்ணீரை வந்த வழியே திரும்ப விடாதது) இருந்தால் அந்தத் தண்ணீருக்கு வெளியேற இது ஒன்றுதான் வழி. சூடேறும்போது மட்டும் சொட்டினால் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க, கீசர் ஆறிய பிறகும் சொட்டினால் வால்வின் வாயில் மண்ணோ சுண்ணாம்போ மாட்டியிருக்கிறது; நெம்பை நாலைந்து முறை தூக்கி விட்டால் கழுவிப்போகும், போகாவிட்டால் வால்வை மாற்றுங்கள். எந்தக் காரணத்துக்கும் அதன் வாயை மூடி போட்டோ எம்-சீல் வைத்தோ அடைக்கக் கூடாது.

திரும்ப ஓட்டுவது

புதுக் காயிலை முதல் நாளே கொல்வது தண்ணீர் நிரம்பாத டேங்க். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வரும் வால்வைத் திறங்கள். முதலில் காற்று, பிறகு விட்டுவிட்டுத் தண்ணீர், பிறகு இடைவிடாத ஓட்டம். அந்த ஓட்டம் இரண்டு நிமிடம் நிற்காமல் வந்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும். கோடையில் மேல்தொட்டி காய்ந்துபோகிற வீடுகளில், திரும்பாத வால்வு பழுதாகியிருந்தால் கீசர் தண்ணீர் வந்த வழியே திரும்பி வடிந்துவிடும். தொட்டி காலியானது தெரிந்தால், மறுபடி வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே கீசரைப் போடச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும், லாட்ஜ் என்றால் ரூம் பையன்களிடமும், சொல்லி வையுங்கள்.

மூடியை மாட்டும் முன் தகட்டின் விளிம்பைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு அதில் தெரியும். மூடியை மாட்டி, கரண்ட் கொடுத்து, மீட்டர் சிமிட்டலை எண்ணி வாட் சரியா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் தானாக வெட்டுகிற வரை பக்கத்திலேயே இருங்கள். வெட்டியதும் சூடேறும் விளக்கு அணைய வேண்டும், மீட்டரும் அமைதியாக வேண்டும். பிறகு மெயினை இறக்கி, மூடியைத் திறந்து, டிஷ்யூ பேப்பரை இன்னொரு தடவை ஒற்றுங்கள். சூட்டில் காஸ்கெட் இளகிக் கொடுப்பதால், தண்ணீர் ஆறிய பிறகு போல்ட்டுகள் கால் சுற்று இறுக்கம் கேட்கும். மாற்றிய தேதியையும் அன்று அளந்த ஓமையும் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் இருக்கும்.